குருகு பறக்கும்வரை

பறவை பார்ப்பதில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. விடுமுறை நாளில் நன்றாகத் தூங்கத்தான் பிடிக்கும். ஆர்வமெல்லாம் என் வீட்டுக்காரருக்கு. யாரும் எட்டிப் பார்க்காத ஊராகத் தேடிப் பிடிப்பார். இந்த ஏரியும் அப்படிக் கிடைத்ததுதான்.

தங்குமிடத்தை நடத்தும் அக்காவை நீங்கள் விசாரித்திருப்பீர்கள். நல்ல மனுஷி. காலையில் என் வீட்டுக்காரர் வெளியே கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அக்கா சமையலறையில் எனக்குத் தேநீர் கொடுத்தார்.

"சார் உங்கள வாயே தெறக்க விடமாட்டேங்குறாரே. பறவை பாக்க வந்தாரா, உங்களப் பூட்டி வைக்க வந்தாரா?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "ஏரி ஓரத்துல பச்சையா படர்ந்து கெடக்கும். தரை மாதிரியே இருக்கும், தரை இல்ல. அடியில ஆள முழுங்குற சேறு. சார்கிட்ட மறக்காம சொல்லிடுங்கம்மா."

"சொல்லிடுறேன்க்கா" என்றேன்.

சொல்லத்தான் நினைத்தேன். வழியில் வாயைத் திறந்ததுமே அவர் உதட்டில் விரல் வைத்தார்.

"குருகு பறக்குற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. மூச்சக்கூட மெதுவா விடு. போன தடவ உன் தும்மலால போச்சு."

அந்தத் தும்மலை உறவுக்காரர்கள் வீட்டிலெல்லாம் நடித்துக் காட்டியிருக்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

குருகு, கொக்கு ஜாதிப் பறவை, நாணலுக்குள் கூட்டில் இருந்தது. ஆள் வாடை பட்டால் அது ஓடாது. கழுத்தை மேலே நீட்டி, தானும் ஒரு நாணல் போல நின்றுவிடும். எனக்கு அதைப் பிடித்திருந்தது. அவர் கேமராவைக் கழற்றிக்கொண்டு, அது நின்ற முக்காலியை என் கையில் கொடுத்து, அசையாதே என்று சைகை காட்டினார். கண்ணைக் கேமராவில் வைத்தபடியே பக்கவாட்டில் நகர்ந்தார். பச்சை எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. நான் பேசவில்லை.

முதலில் தொபுக்கென்று இடுப்பு வரை போனார்.

"ஏய், அந்த முக்காலிய நீட்டு."

அதன் கால்களை இழுத்து விட்டால் அவர் கைக்கு எட்டியிருக்கும். நீங்களே அளந்து பார்க்கலாம்.

"என்ன மரம் மாதிரி நிக்கிற? நீட்டுடி!"

சேறு நெஞ்சுக்கு வந்தபோது அவர் குரல் மாறிவிட்டது. "அம்மாடி, சத்தம் போட்டு யாரையாவது கூப்பிடு. ஏதாவது பேசேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னைப் பேசச் சொன்னதே இல்லை. அதைத்தான் அப்போது யோசித்துக்கொண்டிருந்தேன். யோசித்து முடிப்பதற்குள் பச்சை மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. பார்த்தால் தரை மாதிரியே இருந்தது. பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் தேநீர் குடித்தேன். இன்னும் சூடாக இருந்தது.

சேறு இருப்பது எனக்குத் தெரியும். முக்காலி என் கையில்தான் இருந்தது. இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கூட்டில் இருக்கும் பறவையைக் கலைக்கக் கூடாது. குருகு பறக்கும்வரை பேசாதே என்றார். சொன்ன சொல்லைத் தட்டாமல் நின்றேன், அவ்வளவுதான்.

இதுவரை குறுக்கிடாமல் எழுதிக்கொண்டிருந்த நீங்கள் இப்போதுதான் தலை நிமிர்ந்து கேட்கிறீர்கள்.

"அந்தக் குருகு எப்பம்மா பறந்துச்சு?"

அவர் விழுந்த சத்தத்திலேயே பறந்துவிட்டது.