செப்புக்குடத்துத் தண்ணி

முத்துத்தாய்: கொழாத் தண்ணி வேணாம் மாமா. மோந்து பாருங்க, பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கப் பிடுங்குது.

நல்லகாமன்: மீனுக்கு மூக்கா இருக்கு? எப்பவும் ஊத்துற தண்ணிதானடி...

முத்துத்தாய்: எப்பவும் ஊத்தித்தான் ஒண்ணு செத்துப்போச்சு. இருந்ததே ரெண்டு கடல்சாமந்தி, பூவாட்டம் விரியுற சீவனுக. மிச்சம் இருக்குறதாவது நாளைக்குக் காலை வரைக்கும் உசுரோட இருக்கணும். மண்டபம் ஊருல இருக்குற கடல் ஆராய்ச்சி ஆபீசுப் பெரிய சார் வந்து பாக்கும்போது, தொட்டியில வெறும் கல்லும் கோமாளி மீனும் கெடந்தா எனக்கு அங்கன வேல குடுப்பாரா?

நல்லகாமன்: எங்க இருக்கு அந்த இன்னொண்ணு? கண்ணுலயே படலையே.

முத்துத்தாய்: கல்லுக்குப் பின்னால ஒண்டிக் கெடக்கு. கிட்டப் போகாதீங்க, சுருங்கிக்கிரும்.

நல்லகாமன்: எனக்கு இன்னும் வெளங்கலடி. கடல்ல பொறந்த சீவனுக்கு நல்ல தண்ணி என்னத்துக்கு? ரெண்டு கை கல்லுப்ப அள்ளிப் போட்டு...

முத்துத்தாய்: எத்தன தடவ சொல்றது! வெயிலுக்குத் தண்ணிதான் வத்துது, உப்பு அங்கனயேதான் கெடக்கு. வத்துனதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும்.

நல்லகாமன்: ஆத்தாடி... டீச்சர் வகுப்ப ஆரம்பிச்சுட்டாக.

முத்துத்தாய்: வெளயாடாதீங்க மாமா. கோரிப்பாளையத்துல பேட்டரிக் கடையில டிஸ்டில்டு வாட்டர் விப்பாக. வண்டிய எடுத்தா...

நல்லகாமன்: பேட்டரிக்கு ஊத்துறதையா? ஆசிடு கீசிடு கலந்திருந்தா?

முத்துத்தாய்: இருக்காது. அது காய்ச்சி ஆவியப் பிடிச்சு எறக்குன தண்ணி.

நல்லகாமன்: பாய் கடைடி. இன்னைக்கு வெள்ளிக்கெழம, பூட்டிட்டுப் போயிருப்பாரு.

முத்துத்தாய்: அப்ப நீங்களே சொல்லுங்க. எந்தத் தண்ணிய ஊத்தட்டும்?

நல்லகாமன்: ...அடுப்படியில செப்புக்கொடத்துல நேத்துப் பிடிச்சது இருக்குல்ல.

முத்துத்தாய்: எங்க ஆத்தா சீராக் குடுத்த கொடத்துலயா?

நல்லகாமன்: ஆமா. ராத்திரி பூரா செப்புல நின்னா தண்ணி சுத்தமாயிரும்னு உங்க ஆத்தாவே சொல்லும். நம்ம குடிக்கிறதே அதத்தான. பிளீச்சிங் வாடையும் போயிருக்கும்.

முத்துத்தாய்: வாடை போயிருக்கும்.

நல்லகாமன்: பெறகென்ன?

முத்துத்தாய்: புளி போட்டு வெளக்குனாப்ல கொடம் பளபளன்னு இருக்கே. நான் வெளக்கலையே...

நல்லகாமன்: நாந்தான் வெளக்குனேன். நீ காலேஜுக்குப் போயிட்டா, மில்லுல ராத்திரி ஷிப்டு பாத்து வந்தவன்தான வீட்டையும் பாக்குறேன்.

முத்துத்தாய்: தொட்டிக்கும் நீங்கதான ஊத்துறீங்க. நான் பிளாஸ்டிக் வாளியில பிடிச்சு வச்சுட்டுப் போற தண்ணியத்தான ஊத்துனீங்க?

நல்லகாமன்: அதத்தான். பின்ன?

முத்துத்தாய்: வாளித் தண்ணியில கொசுப்புழு நெளியுது மாமா. ரொம்ப நாளா யாரும் தொடாத தண்ணி அது.

நல்லகாமன்: ...இப்ப என்ன, போலீசு கணக்காக் கேக்குற?

முத்துத்தாய்: சரி, விடுங்க. கொடத்தத் தூக்கிட்டேன். ஊத்திரவா?

நல்லகாமன்: ...ம்.

முத்துத்தாய்: வாயத் தொறந்து சொல்லுங்க. ஊத்தவா, வேணாமா?

நல்லகாமன்: இதுக்கெல்லாம் என்னக் கேட்டுக்கிட்டு...

முத்துத்தாய்: உங்களத்தான் கேக்கணும். இந்தா, சாய்க்கிறேன். ஒரு சொல்லு சொன்னீங்கன்னா வச்சுருவேன்.

நல்லகாமன்: ஊத்து... ஊத்துடி. ஒண்ணும் ஆகாது.

முத்துத்தாய்: ஊத்தல. கொடத்தக் கீழ வச்சுட்டேன்.

நல்லகாமன்: ஏன், என்னாச்சு?

முத்துத்தாய்: போன மாசம் இண்டர்வியூக்கு ஒத்திகை பாத்தமே, ஞாபகம் இருக்கா? நீங்கதான் பெரிய சாரு. கட்டில்ல கால் மேல கால் போட்டு உக்காந்து கேள்வி கேட்டீங்க.

நல்லகாமன்: அதுக்கென்ன இப்ப?

முத்துத்தாய்: மீன விட்டுட்டு சாமந்திய மட்டும் கொல்றது எதுன்னு கேட்டீங்க. செம்புன்னேன். சாருக்குக் காது கேக்காது, சத்தமாச் சொல்லுன்னீங்க. தெருவுக்கே கேக்குற மாதிரிக் கத்துனேன். அன்னைக்கு எம்புட்டுச் சிரிச்சோம்...

நல்லகாமன்: முத்து...

முத்துத்தாய்: மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிராதீங்க.

நல்லகாமன்: ...மறக்கல.

முத்துத்தாய்: போகாதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா!

நல்லகாமன்: சொன்னா சண்ட போடுவ. போட்டுட்டுப் போயிருவ. அதுவாச் செத்துப்போச்சுன்னா... ரெண்டு நாள் அழுதுட்டு எங்கூடயே இருந்துருவன்னு... நீ மண்டபத்துல, நான் இங்கன, ஒத்த ஆளா உல வச்சுக்கிட்டு... என்னால முடியாதுடி. பயந்துட்டேன்.

முத்துத்தாய்: பயந்துட்டு, தெனமும் ஊத்துனீங்க.

நல்லகாமன்: தப்புத்தான். இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. தள்ளு, பாய் வீடு எனக்குத் தெரியும். கதவத் தட்டியாவது அந்த டிஸ்டில்டு வாட்டர வாங்கியாரேன். இருக்குற ஒண்ணக் காப்பாத்திருவோம்.

முத்துத்தாய்: உக்காருங்க மாமா. கல்லுக்குப் பின்னால ஒண்ணுமே இல்ல. அத நான் போன வாரமே காலேஜுக்குக் கொண்டுபோயிட்டேன். பெரிய சாரும் நேத்தே அங்கன வந்து பாத்துட்டாரு. வேல கெடச்சிருச்சு. உங்கள விட்டுட்டுப் போக எனக்கும்தான் மனசு வரல... கொடத்தச் சாய்க்கும்போது வேணாம்னு நீங்க ஒரு சொல்லு சொல்லியிருந்தா, அந்த வேலையே வேணாம்னு சொல்லிரலாம்னுதான் தூக்குனேன்.