மூன்று சுழி

இந்த மலையில் நல்ல சிவப்புப் பேனா கிடைப்பதில்லை. போளூர் போகும்போது பத்தாக வாங்கி வருவேன். அந்த டைரியில் இருக்கும் சிவப்பு மை என்னுடையதுதான், சார். வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

இருபத்திரண்டு வருடமாக இங்கே தமிழாசிரியை. விடுதிப் பள்ளி, பக்கத்திலேயே குடியிருப்பு. போன ஜூனில் அறிவியல் டீச்சராகப் பூவிழி வந்தாள். போளூர்ப் பெண், இருபத்தாறு வயது. என் அறையில் தங்கச் சொன்னார்கள். சாப்பிட்டதும் டைரி எழுதுவாள். தலையணைக்கு அடியில் வைப்பாள். காலையில் அவள் குளிக்கப் போகும்போது நான் படிப்பேன். திருட்டுத்தனமாகத் தோன்றவில்லை. இத்தனை வருடம் நோட்டு படித்த கண்.

பள்ளியில் மாதம் ஒரு படம் போடுவார்கள். ஆகஸ்டில் போட்டது, ஒரு டீச்சர் இன்னொரு டீச்சரின் டைரியைப் படித்து ரகசியத்தை வெளியே சொல்லிவிடும் கதை. முடிந்ததும் பிள்ளைகளைப் பேச வைக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு அன்பரசி எழுந்தாள்.

"அந்த டீச்சர் பண்ணது தப்புதானே டீச்சர்?"

"தப்புதான்" என்றேன்.

"பூவிழி டீச்சர், நீங்க டைரி எழுதுவீங்களா?"

"எழுதுவனே."

"ஐயோ, செந்தாமரை டீச்சர் கைல மாட்டுனா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்? ஒவ்வொரு மிஸ்டேக்கயும் பத்து வாட்டி எழுதச் சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றும் டைரி தலையணைக்கு அடியில்தான் இருந்தது.

ஆனந்தனைப் பற்றித்தான் எழுதுவாள். மலைக்காரப் பையன். சாமை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒடுகத்தூருக்கு வேன் ஓட்டுகிறவன். அண்ணனுக்குத் தெரிந்தால் உயிரோடு விடமாட்டான் என்றும் எழுதியிருந்தாள். 'ஆனந்தனை பார்த்தேன்' என்று எழுதுவாள். நடுவில் 'ப்' வராது. ஏழு மாதமும் அப்படித்தான். நான் கை வைக்கவில்லை.

ஜனவரியில் ஒரு நாள் என்னைப் பற்றி இரண்டு வரி இருந்தது. 'செந்தாமரை டீச்சர் பாவம். பேச ஆளில்லாமல் பாத்திரங்களோடு பேசுகிறார்.' அதில் திருத்த எதுவும் இல்லை.

அண்ணன் சரவணகுமார் மாதம் ஒரு முறை பைக்கில் வருவான். மரியாதையான பையன். "டீச்சர், நீங்க கூட இருக்கீங்கன்னுதான் வூட்ல நிம்மதியா தூங்கறாங்க. எதுனா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க" என்பான். அந்த வாரம் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தான்.

சனிக்கிழமை காலையில் பூவிழிக்குச் சிறப்பு வகுப்பு. எனக்கு இல்லை. உட்கார்ந்து டைரி முழுவதையும் திருத்தினேன். பிழையோடு ஒரு நோட்டை இன்னொருவர் கையில் கொடுத்துப் பழக்கமில்லை.

கடைசியாக எழுதியிருந்தது வியாழக்கிழமை. 'ஆனந்தன் விஷயத்தில் மனம் உறுதியாகிவிட்டது. இனி அண்ணனிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.' 'மனம்' என்ற சொல்லில் இருந்த இரண்டு சுழி 'ன'வுக்கு இன்னொரு சுழி போட்டேன். மணம் ஆயிற்று.

சரவணகுமார் பலா மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருந்தான். மஞ்சப்பையில் வைத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். கடைசிப் பக்கத்தில் வெகுநேரம் நின்றான்.

"கண்ணாலம் உறுதியாயிடுச்சா டீச்சர்?"

"எழுதியிருக்கு பாருங்க தம்பி" என்றேன்.

அவன் அந்தச் சுழியைச் சந்தேகப்படவில்லை. பள்ளிக்கூடம் போன எவருக்கும் சிவப்பு மையில் இருப்பதுதான் சரி.

வகுப்பு முடிந்து வந்த பூவிழியிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றான். அவள் பதறிப்போய் வண்டியில் ஏறினாள். சாப்பாட்டு டப்பாவை என்னிடம் கொடுத்து, "கழுவி வச்சிருங்க டீச்சர், திங்கக்கெழம வந்துர்றேன்" என்றாள். கழுவி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாவுத் தகவல் வந்தது. வயிற்றுவலி என்றார்கள். அவளுடைய எட்டாம் வகுப்பை நான் பார்த்துக்கொண்டேன். கழுத்தில் தடம் இருந்தது என்பதும், சரவணகுமார் ஒத்துக்கொண்டான் என்பதும் நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

அந்த வியாழக்கிழமையே ஆனந்தனிடம் வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாளாம். வீட்டை எதிர்க்கத் தன்னால் முடியாது என்று அழுதாளாம். அப்படியென்றால் அவள் எழுதியது மனம்தான். உறுதியானது அதுதான்.

மனம், மணம் எல்லோரும் குழப்புவது, சார். அவளும் குழப்பிவிட்டாள் என்று நினைத்தேன். ஒரு தமிழாசிரியை அப்படி நினைப்பதில் தவறில்லை.

டைரி முழுக்கப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். 'ன', 'ண' மாறிய இடம் வேறு ஒன்றுகூட இல்லை என்கிறீர்கள்.

இருக்காது. அவள் ஒற்று மட்டும்தான் விடுவாள்.