திரையில் நின்ற சைபர்

டீ வேண்டாம் சார். கரண்டு பார்க்கும் அந்த மீட்டரைப் பத்திரமாக வையுங்கள். நல்ல சாமான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதன் திரை தனியாகக் கழன்று வரும். பின்னால் இருக்கும் கரண்டுப் பெட்டியில் மீட்டரை மாட்டிவிட்டு, திரையை மட்டும் எடுத்துக்கொண்டு வாசலில் இருக்கும் மெயின் சுவிட்சுக்கு வந்துவிடலாம். பெட்டியில் கரண்டு இருக்கிறதா என்று இங்கிருந்தே தெரியும். குமாரபாளையத்துத் தறிக் கொட்டகைகளுக்கு இதைவிட வசதி கிடையாது.

வயரிங் வேலை செய்யும் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. திரை வைத்திருப்பவர் "இல்லை" என்று குரல் கொடுத்தால், பெட்டியருகில் நிற்பவன் கையை வைத்துவிடுவான். டெஸ்டர் வைத்துப் பார்த்தால் சொன்னவரை நம்பவில்லை என்றாகிவிடும்.

போன வருஷம் என் தம்பி ஷஹ்பாஸ் அப்படித்தான் கையை வைத்தான். எங்கள் மேஸ்திரி சந்திரசேகர் செல்போனில் சிரித்துப் பேசிக்கொண்டே, திரையைப் பார்க்காமல், "இல்லடா சாமி, கைய வெய்யி" என்றார். துக்கம் கேட்க மையத்து வீட்டுக்கு வந்தவர் எங்கள் அம்மாவிடம், "என்ன பண்றதுங்கம்மா, பையன் அவசரப்பட்டுட்டானுங்க" என்றார்.  அதற்குப் பிறகும் நான் அவரிடமே வேலையில் இருந்தேன். ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கமாட்டேனா.

அவரையே கொன்றிருக்கலாம். அது சரிக்குச் சரி ஆகாது. அவருக்கும் ஒரு தம்பி, எங்களோடு வேலை பார்த்த கலையரசன். தங்கமான பையன்; என்னை வாய் நிறைய "அல்தாப்பண்ணா" என்பான். அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

நேற்று அவன் பெட்டியருகில் நின்றான். மெயினை அணைத்தேன், திரையில் சைபர் வந்தது. எண்ணை அப்படியே நிறுத்தி வைக்க அதில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினேன். பிறகு மெயினைத் திரும்பப் போட்டேன். சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு திரையை மேஸ்திரியிடம் நீட்டினேன்.

"நீங்களே பாத்துச் சொல்லிருங்கண்ணா."

இந்தத் தடவை அவர் போனைத் தொடவில்லை. திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார்.

"இல்ல கலை, கைய வெய்யி."

வைத்தான்.

"என் தம்பிய நானே கொன்னுட்டேன்" என்று அவர் சுவரில் முட்டிக்கொள்கிறாராம். செய்தது நான்தான் சார், எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று. அந்தப் பட்டனை அமுக்கினால் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறி விழும். அவர் பார்க்கும்போதும் அது இருந்தது. கவனித்திருந்தால் கலையரசன் பிழைத்திருப்பான். அதை மட்டும் அவரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.