அறுபத்தொரு சதவீதம்

ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா என்று கேட்டால் பலருக்குக் கோபம் வரும். எனக்கு வராது. இருபத்திரண்டு வருஷமாக ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பாதி நோய்க்கு அதுதான் மருந்து, மீதிப் பாதிக்குப் பொறுமை வேண்டும். என்னிடம் பொறுமை இருக்கிறது. நீங்களும் நிதானமாகவே எழுதிக்கொள்ளுங்கள், சார்.

அப்டேட் ஏறாமல் அடம்பிடிக்கப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். தேதி தப்பாக இருந்தாலே போதும். நடுவில் கரண்ட் போனால் ஏறினதெல்லாம் இறங்கிவிடும். டிஸ்கில் இடம் இல்லையென்றால் ஆரம்பத்திலேயே கையை விரித்துவிடும். அலுவலகத்தில் இதையெல்லாம் கால் மணி நேரத்தில் சரிசெய்துவிடுவேன். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் பதினோரு மாதம் ஏறவில்லை.

என் மனைவி டைப்பிஸ்ட். விரல் பறக்கும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருந்ததில்லை. சாப்பிடும்போதுகூட இடது கையில் ஒரு தாள் இருக்கும். நான் எதைச் சொன்னாலும் தலை நிமிராமல் ‘ம்’ என்பாள். அந்த ஒரு ‘ம்’மோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கண்ணில் கிருமி தொற்றியது. இரண்டு கருவிழியும் வெளுத்துப்போயின. இறந்தவர் யாராவது தானமாகக் கொடுத்த கருவிழியை வைத்துத் தைத்தால் பார்வை வந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்தார்கள். நாளைத் தள்ளக்கூடாது, ரத்தக்குழாய் உள்ளே வளர்ந்துவிட்டால் பிறகு வைத்தாலும் பிடிக்காது என்றும் சொன்னார். கண் வந்ததும் மின்னஞ்சலில் தெரிவிப்பார்கள். போனுக்கு என் நம்பரைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் அவள் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள். “என்னங்க, பால் பொங்குதா பாருங்க.” “என்னங்க, இது நீலமா பச்சையா?” ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தேழு ‘என்னங்க’. மாலையில் வாசலில் நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் அவள் முகம் என் பக்கம் திரும்பும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? வாழ்க்கையில் முதல்முறையாகச் சந்தோஷமாக இருந்தேன்.

என் மச்சினன்தான் அதில் வந்து மூக்கை நுழைத்தான். அவளுடைய தம்பி. எங்கள் கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும். ஆனால் அது பழைய பதிப்பு. இங்கிலீஷைப் படிக்கும், தமிழ் வந்தால் வாயை மூடிக்கொள்ளும். “புது வெர்ஷன் போட்டா தமிழும் படிக்குமாம்க்கா. லெட்டரெல்லாம் நீயே கேட்டுக்கலாம். மாமாவுக்கு இதெல்லாம் ஜுஜுபி, உக்காந்த இடத்துல போட்டுடுவாரு.”

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணிக்கு உட்காருவோம். அப்டேட் ஓடும்போது படிக்கிற குரல் வேலை செய்யாது, நான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சூடு ஏறுகிறதா என்று பார்ப்பாள்.

“எத்தனைங்க?”

“முப்பது.”

“இப்ப?”

“அறுபத்தொண்ணு.”

“போன வாரமும் அறுபத்தொண்ணுலதானே நின்னுச்சு? தாண்டிடுமா?”

“நின்னுடுச்சும்மா.”

அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்வாள். “விடுங்க, நீங்களும் எவ்வளவுதான் அதோட மல்லுக்கட்டுவீங்க. கண்ணு வந்துட்டா இந்தப் பெட்டியே வேண்டாம். முதல்ல நம்ம கல்யாண வீடியோவைத்தான் பாக்கணும். ஒரு தடவைகூட முழுசா உக்காந்து பாத்ததில்லை, இல்லை?”

திரையில் அது இரண்டு சதவீதத்தைத் தாண்டியதே இல்லை, சார். அறுபத்தொன்று நானாகச் சொன்னது. பாதிக்கு மேல் வந்து நின்றது என்றால் மனசு அவ்வளவு உடையாது.

முதலில் தேதியைத்தான் மூன்று வருஷம் பின்னால் தள்ளிவைத்தேன். பெட்டி அதை இங்கிலீஷில் படித்துத் தொலைத்தது. அவள் சிரித்துவிட்டாள். “பாவம், இதுக்கு இன்னும் எனக்குக் கண்ணு தெரியுற வருஷம்தான் நடக்குது.” பிறகு ஒரு ஞாயிறு பிளக்கைப் பிடுங்கினேன். ஃபேன் சத்தம் நின்றதைக் கண்டுபிடித்துவிட்டாள். கடைசியில் டிஸ்கை நிரப்பினேன். வீட்டில் இருந்ததிலேயே பெரிய ஃபைல் எங்கள் கல்யாண வீடியோ. பதினான்கு நகல் எடுத்து, பதினான்கு இடத்தில், வேறு வேறு பெயரில் ஒளித்துவைத்தேன். நூல் நுழைய இடமில்லாமல் போயிற்று.

நடுவில் மருத்துவமனைக் கடிதங்கள் வந்தன. “புதுசா ஒரு லெட்டர் இருக்குன்னு சொல்லுது, என்னன்னு சொல்ல மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்” என்பாள். பார்த்துச் சொல்வேன். “விளம்பரம். மெத்தை தள்ளுபடியாம்.” பட்டியல் எதுவரைக்கும் வந்திருக்கிறது என்று கேட்பாள். அவள் காதுபட, யாரும் இல்லாத போனில் பேசிவிட்டு, இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பேன்.

மூன்று தடவை கண் வந்தது. முதல் தடவை, காய்ச்சலாக இருக்கிறது என்று அவள் பெயரில் பதில் போட்டேன். இரண்டாவது தடவை ஊரில் இல்லை என்றேன். மூன்றாவது தடவை, எனக்குப் பயமாக இருக்கிறது, இதை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று எழுதினேன். உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி என்று பதில் வந்தது. நான்காவது கடிதத்தில் அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் மெத்தை என்றுதான் சொன்னேன். “மறுபடியும் மெத்தையா? இவங்களுக்கு வேற வேலையே இல்லையா?” என்று அலுத்துக்கொண்டாள்.

போன புதன்கிழமை நான் வேலைக்குப் போயிருந்தபோது மச்சினன் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்திருக்கிறான். காதில் பென்சில் சொருகிய நடுத்தர வயசு ஆள் என்று சொன்னார்கள். டிஸ்க் நிரம்பியிருப்பதைப் பார்த்து எல்லாவற்றையும் வழித்துத் துடைத்திருக்கிறான். நாற்பது நிமிஷத்தில் நூறு சதவீதம். பெட்டி மின்னஞ்சலில் இருந்த எல்லாக் கடிதத்தையும் நல்ல தமிழில் வரிசையாகப் படித்திருக்கிறது. மறுநாளே தம்பி அவளை டாக்டரிடம் அழைத்துப் போனான். ரத்தக்குழாய் வளர்ந்துவிட்டது, இனி வைத்தாலும் பிடிக்காது என்று சொல்லிவிட்டார்கள். இதை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை மாலை செருப்பைக் கழற்றினேன். முகம் திரும்பவில்லை. “மெத்தைக்காரங்க லெட்டரைக் கேட்டேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நான் அவளைக் கை நீட்டி அடித்தவன் இல்லை, குரல் உயர்த்திப் பேசினவனும் இல்லை.

எல்லாம் நான் செய்ததுதான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்த மெக்கானிக்மேல் ஒரு புகார் இருக்கிறது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பதினான்கு நகலோடு அசலையும் சேர்த்து அழித்துவிட்டான், வேறு பிரதி எங்கேயும் இல்லை. கண் வந்ததும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஆசையாகக் காத்திருந்தாள், சார். கண் தெரியாத ஒருத்தியின் ஆசையில் இப்படி மண்ணைப் போட ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும்?