நீர்வேலி வளைவு

பிரசாந்தி: ...நடக்கிறதிலை ஒரு பிழையும் இல்லை அன்ரி. திருநாளுக்குக் குருநகரிலையிருந்து இஞ்சை மயிலிட்டி அந்தோனியார் கோயில் மட்டும், இருவது கிலோமீற்றர், வெறுங்காலோடை. எங்கடை சுற்றுலாக் கந்தோரிலை எல்லாரும் அதைத்தான் பெருமையாய்க் கதைக்கினம். இந்த வளைவுதான்...

யசிந்தா: எந்த வளைவு?

பிரசாந்தி: இந்தா, படத்தைப் பாருங்கோ. திருநெல்வேலி தாண்டி நேர பலாலி றோட்டாலை வந்தால் சுகம். நீங்கள் கிழக்காலை சுத்தி நீர்வேலிக்குப் போட்டு வாறீங்கள்.

நீக்கிலாப்பிள்ளை: மனுசிக்கு வாழைப்பழத்திலை ஆசை பிள்ளை.

யசிந்தா: இஞ்சாருங்கோ, கிழிஞ்ச வலையைப் பொத்திறதோடை வாயையும் பொத்துங்கோ.

நீக்கிலாப்பிள்ளை: கட்டி முப்பத்தைஞ்சு வருசம், ஒரு பகிடி விடேலாது... நீர் எந்த ஊர் பிள்ளை?

பிரசாந்தி: நான்... கந்தோர் யாழ்ப்பாணத்திலை அங்கிள். வெள்ளிக்கிழமை கூட்டம். கிறிஸ்தவ யாத்திரைப் பாதையெண்டு ஐஞ்சு பாதையை அறிவிக்கப் போகினம். வழிகாட்டிப் பலகை, தண்ணி, நிழல் எல்லாம் வரும். வெளியூர்ச் சனமும் வந்து நடக்கும். உங்கடை பாதை முதலாவதாய் இருக்கவேணுமெண்டு நான் நிக்கிறன். ஆனால் நீர்வேலியிலை நீங்கள் முழந்தாளிலை நிக்கிற இடத்திலை ஒரு கோயிலும் இல்லையே. வெறும் வாழைத்தோட்டம்.

யசிந்தா: ஓம்.

பிரசாந்தி: அதுவும் சைவக்காரற்றை தோட்டம்.

யசிந்தா: ஓம்.

பிரசாந்தி: எல்லாத்துக்கும் ஓமெண்டால், கூட்டத்திலை நான் என்னத்தைச் சொல்லுறது? போனிலை பதியிறன், ஆறுதலாய்ச் சொல்லுங்கோ.

யசிந்தா: பதியுங்கோ. தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாசம் சண்டை தொடங்கி இந்த ஊரை விட்டு எழும்பினனாங்கள். எனக்கு இருவது வயது, உவரைக் கட்டி மூண்டு மாசம். உடுப்புப் பெட்டியை விட்டிட்டு, கோயிலிலை இருந்த அந்தோனியாரின்ரை சுரூபத்தைத் தூக்கினம்.

நீக்கிலாப்பிள்ளை: மூண்டடி உயரம். கல்லுப் பாரம். நீர்வேலிக்கு வரேக்கை சைக்கிள் கரியர் முறிஞ்சு போச்சு.

யசிந்தா: அங்கை ஒரு மனிசன் வாழைக்கு இறைச்சுக்கொண்டு நிண்டார். பொன்னம்பலத்தார். எங்களைக் கண்டிட்டு வாய்க்காலை மறிச்சுத் தண்ணியை எங்கடை பக்கம் திருப்பிவிட்டார். பதினொரு குடும்பம், கையாலை அள்ளிக் குடிச்சம். நாங்கள் தங்கப்போற குருநகர்ப் பள்ளிக்கூடத்திலை சனமே படுக்க இடமில்லையெண்டு கேள்விப்பட்டிட்டு, "சுரூபத்தை இஞ்சை விட்டிட்டுப் போங்கோ, ஒரு கிழமை கழிய வந்து எடுங்கோ" எண்டார்.

பிரசாந்தி: அந்தக் கிழமை...

நீக்கிலாப்பிள்ளை: இருவத்தேழு வருசம் பிள்ளை.

யசிந்தா: தண்ணி இறைக்கிற மோட்டர்க் கொட்டில்லை ஒரு பக்கத்தை ஒதுக்கி அந்தோனியாரை வைச்சார். தொண்ணூற்றைஞ்சிலை வலிகாமத்துச் சனம் முழுக்கச் சண்டைக்குப் பயந்து தென்மராட்சிக்கு ஓடினது தெரியுந்தானே. அந்த மனிசன் வண்டிலிலை ஏத்தின நெல்லு மூட்டையை இறக்கிப்போட்டு, அந்தோனியாரை ஏத்தினவர். பெஞ்சாதி பேசினதுக்கு, "என்னை நம்பி விட்டிட்டுப் போன ஆளை எப்பிடியப்பா விட்டிட்டு ஓடுறது" எண்டு கேட்டவராம். நெத்தி நிறையத் திருநீறு பூசிற மனிசன்...

பிரசாந்தி: நெல்லை இறக்கிப்போட்டோ?

யசிந்தா: ஓம். ஏன் பிள்ளை?

பிரசாந்தி: ஒண்டுமில்லை. சொல்லுங்கோ, பதியுது.

யசிந்தா: ரெண்டாயிரத்துப் பதினேழிலைதான் ஆமி எங்கடை ஊரைத் திருப்பி எங்களிட்டை விட்டாங்கள். அவர் தன்ரை கையாலை தூக்கித் தந்தார். சுரூபத்திலை ஒரு சுண்டுவிரல் உடையேல்லை. அண்டைக்கு அந்தோனியாரோடை நடந்து வந்த வழிதான் பிள்ளை இது. வருசா வருசம் திருநாளுக்கு அந்த வாய்க்கால்லை கால் கழுவிப்போட்டுத்தான் இஞ்சை வாறனாங்கள். அங்கை கோயில் இல்லையெண்டு சொல்லுறீங்கள். இருவத்தேழு வருசம் எங்கடை கோயில் அந்தக் கொட்டில்தான்.

பிரசாந்தி: அது எனக்கு விளங்குது. ஆனால் சனம் கதைக்கும் அன்ரி. ஆரோ தங்கடை தோட்டத்துக்குப் பேர் எடுக்கப் பாதையை வளைச்சுப் போட்டினமெண்டு...

யசிந்தா: கதைக்கிற ஆக்களை ஒருக்கா எங்களோடை நடக்கச் சொல்லுங்கோ. அந்த வளைவை வெட்டுறதெண்டால் எங்களுக்குப் பலகையும் வேண்டாம், நிழலும் வேண்டாம். முந்தி நடந்த மாதிரி நடந்திட்டுப் போறம்.

நீக்கிலாப்பிள்ளை: உவள் சொன்னால் சொன்னதுதான் பிள்ளை. கடல் திரும்பினாலும் உவள் திரும்பமாட்டாள்.

பிரசாந்தி: அன்ரி... அதை இன்னொருக்காச் சொல்லுவீங்களோ? கூட்டத்திலை அதைத்தான் போட்டுக் காட்டப் போறன்.

யசிந்தா: என்னத்துக்கு? வெட்டச் சொல்லி இவ்வளவு நேரமும் நிண்டது நீங்கள்தானே.

பிரசாந்தி: வெட்டச் சொல்லேல்லை அன்ரி. அது உங்கடை வாயாலை வரவேணும். நான் சொல்லேலாது. பொன்னம்பலம் என்ரை அப்பா. வெள்ளிக்கிழமை கூட்டத்திலை அதை முதல் சொல்லிப்போட்டு, உங்கடை குரலைப் போட்டு விட்டிட்டு வெளியிலை போய் நிப்பன். அவை முடிவெடுக்கட்டும். உங்களிட்டை மறைச்சது பிழைதான்... தெரிஞ்சால் எனக்காகக் கூட்டிச் சொல்லுவீங்களெண்டு பயந்தனான்.

யசிந்தா: தெரியும் மோனை. ரெண்டாயிரத்து ரெண்டிலை, ஊரை விடப் போறாங்களெண்டு நம்பி அந்தோனியாரைக் கூட்டிப்போக வந்தனாங்கள். அண்டைக்குக் கொட்டில் பூட்டின்ரை திறப்பை வாழைக்குலைக்குள்ளை ஒளிச்சுப்போட்டு, "இவர் எங்கடை வீட்டு ஆள், தரமாட்டன்" எண்டு ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு வாசலிலை நிண்ட பெட்டையை நான் மறப்பனே? நீ படலையைத் திறக்கேக்கையே அப்பாவின்ரை முகச்சாயலிலை உன்னைக் கண்டிட்டன். உன்ரை அப்பா தான் செய்ததை ஒருநாளும் வாய் திறந்து சொல்லியிருக்கமாட்டார். உனக்கு நேரை இருந்து ஒருக்காச் சொல்லக் கிடைச்சுதே எண்டுதான், நானும் உன்னைத் தெரியாத ஆள் மாதிரி முழுக்கச் சொன்னனான்.