நாற்பது கவர் கறி உருண்டை

"ஹலோ… ஹலோ… கரண்ட் ஆபீசுங்களா? வெச்சறாதீங்க, வெச்சறாதீங்க. காலைல இருந்து இது ஏழாவது தடவ… ஆமாங்க… ஆமாங்க, மயிலுதானுங்க. அஞ்சு மணிக்கு வந்து ட்ரான்ஸ்பார்மர் மேல ஒக்காந்துச்சு. ஒரே வெடி. மயிலும் போச்சு, கரண்டும் போச்சு… அதெல்லாம் சொன்னாங்க. லைன் நெடுக இப்படித்தான்னு சொன்னாங்க… சாயங்காலமா? சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங்க அம்மிணி…"

குமாரசாமி செல்போனை வலது காதிலிருந்து இடது காதுக்கு மாற்றினார். வயது எழுபத்தொன்று. சேந்தமங்கலத்துக்கு வெளியே, தோட்டக்காட்டுக்குள் இருக்கிற தன் வீட்டுச் சமையலறையில், இடுப்புயர வெள்ளைப் பெட்டி ஒன்றின் மேல் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். ஒரு ஐஸ்கிரீம் கடையை மூடியபோது மகன் யோகேஷ் வாங்கி வந்த ஃப்ரீஸர் அது. ஒன்பது மணிக்கு அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு வந்தது. இப்போது மணி பன்னிரண்டு. சொட்டு ஒரு கோடாகி, வாசற்படி எங்கே என்று விசாரித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தது கறி உருண்டை. நாற்பது கவர். அதைச் சொன்னால் எந்த ஆபீசிலும் எவரும் நாற்காலியை விட்டு எழ மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

பொய் அவருக்குப் புதிதல்ல. கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் ஒரு கரடியோடு பீடியைப் பங்குபோட்டுக் குடித்ததை நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறார்; வருடத்துக்கு வருடம் கரடி ஒரு இழுப்பு கூடுதலாக இழுத்தது. கேட்டவர்கள் எல்லோரும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்து போன பிறகும் அவர் மனைவி பாப்பாயி மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு, "அப்பறம்?" என்பாள்.

"ஏனுங்க அம்மிணி, சொல்ல வேண்டாமுன்னுதான் பாத்தேன். ஊட்டுல எழவுங்க… ஆமாங்க… விடியக்காலம்… ஆமாங்க, ஃப்ரீஸர் பெட்டிலதான் வெச்சிருக்கறோம். பெட்டிக்காரன் கொண்டாந்து எறக்கி, ஒயரச் சொருகி, பச்ச லைட்டும் எரிஞ்சுது. அப்பத்தான் மயிலு வந்துது… இல்லீங்க, எடுக்க முடியாது. மகன் வரோணும். சத்தீஸ்கர்ல போர் போடற ரிக் வண்டில இருக்கறான். நாளைக்குப் பொழுதோடதான் வந்து சேருவான்… ஆருங்களா? எங்க பெரியம்மாங்க. தொண்ணூத்தி மூணு வயசு…"

பெரியம்மா போய் இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு நல்ல காரியத்துக்காக இன்னொரு தரம் சாவதில் அவளுக்கு ஆட்சேபணை இருக்காது என்று குமாரசாமி நினைத்தார்.

"சர்வீஸ் நம்பருங்களா? இருங்க… கரண்ட் அட்ட இங்கதான்… நூத்தி எழுவத்தி நாலுங்க… ஆமாங்க, பேரு பாப்பாயின்னு இருக்கும்… என்னங்க? தவறுனது இந்தப் பாப்பாயிங்களான்னா… ஆ… ஆமாங்க. அவங்கதானுங்க."

பெரியம்மாவின் பெயர் அந்த நொடியில் வரவில்லை. அட்டையில் இருந்த பெயர்தான் கண்ணில் நின்றது, நாக்கு அதையே எடுத்துக் கொடுத்துவிட்டது. வீடு நிற்கும் இடம் பாப்பாயியின் அப்பா கொடுத்தது. அதனால் மின் இணைப்பு அவள் பெயரில். அவளோ சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றில் கட்டி. காலை பத்து மணிக்கு ஆபரேஷன். மகள் தமிழ்ச்செல்வியும் யோகேஷும் கூட இருந்தார்கள்.

"எழுதீட்டீங்களா? … பேனாவுலயா… இல்லீங்க, சும்மா கேட்டேன்… வீட்டுக்காரரு பேரு குமாரசாமி, ஆமாங்க… நாந்தானுங்க பேசறேன்… … ஆமாங்க. சம்சாரம்தானுங்க. பெரியம்மான்னு ஏஞ் சொன்னேன்னு தெரியலீங்க. வாய் கொளறுது… வயசு அறுவத்தாறு… பரவால்லீங்க அம்மிணி. நீங்க எதுக்கு வருத்தப்படறீங்க."

அந்தப் பக்கத்துக் குரல் மாறிவிட்டது. இதுவரை ஆபீசராகப் பேசியது, இப்போது ஒரு வீட்டுப் பெண்ணாகப் பேசியது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். குமாரசாமி பெட்டியைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படின்னு கேட்டா என்னங்க சொல்றது… செவ்வாக்கெழம கூட நல்லாத்தான் இருந்தா. ஆறு கிலோ கொத்துக்கறி வாங்கியாரச் சொன்னா. எதுக்கு இத்தனைன்னேன். உங்களுக்கு என்ன, வாங்கியாங்கன்னா… கறி உருண்டைக்குங்க. மஞ்சத்தூளப் போட்டுக் கறிய தண்ணி சுண்ட வதக்கி, தேங்கா, பொட்டுக்கடல, சோம்பு, கசகசா, பச்ச மொளகா எல்லாம் சேத்து அரைச்சா. மிக்சி சூடேறி ரெண்டு தடவ மயக்கம் போட்டுது. இவ போடல… சோம்பு வாசத்துக்கு மலைல இருந்து கரடி எறங்கி வந்து வாசல்ல ஒக்காந்துருந்துதுன்னா நம்புவீங்களா… இல்லீங்க, நெசமாத்தான். நாந்தான் சமாதானம் சொல்லி அனுப்பி வெச்சேன்."

அழுகிற வீட்டில் இப்படிப் பேசுகிறாரே என்று அந்த அம்மிணி நினைத்திருக்கக் கூடும். துக்கத்தில் சிலருக்கு இப்படித்தான் ஆகும் என்றும் நினைத்திருக்கக் கூடும். எப்படியோ, அவள் போனை வைக்கவில்லை.

"உருட்டி, தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி, இறுக வெச்சு, மக்கா நாளு கவர்ல போட்டு நூல் கட்டுனா. செவப்பு நூலுன்னா கொழம்புக்கு. வெள்ள நூலுன்னா எண்ணெய்ல போடறது. எழுதி வெச்சா நாங்க படிக்க மாட்டோமுன்னு அவளுக்குத் தெரியும். வெண்ணந்தூர்ல அவ தம்பி தறி போட்டிருக்கறான், நூலுக்கா பஞ்சம்… தண்ணி கொதிக்கோணும், உருண்டைய மெதுவா உடோணும், கரண்டி போடக் கூடாதுன்னு ஒவ்வொருத்தருக்கும் மூணு தடவ பாடம் சொன்னா. கரண்ட் போனா மூடியத் தெறக்காதீங்கன்னா. ஒருக்கா உருகிட்டா மறுக்கா உறைய வெக்காதீங்க, கொட்டிருங்கன்னா… நாப்பது கவருங்க. ஒரு நாளைக்கு ஒண்ணு. கவருக்கு ஆறு. எனக்கு ரெண்டு, எங்கண்ணனுக்கு ரெண்டு, பையனுக்கு ரெண்டு. அண்ணனுக்குக் காது கேக்காது. பையனுக்கு முப்பத்தாறு வயசு, பொண்ணு கெடைக்கல. மூணு பேருக்கும் அடுப்பு பத்த வெக்கவே இப்பத்தான் பழக்குனா… மூணு ரெண்டு ஆறு… … ஆமாங்க. ஆறுதான். வேற ஒண்ணுமில்ல, கணக்குப் பாத்தேன்."

அவளுக்கு எத்தனை என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த நிமிடம்வரை அவர் கேட்டுக்கொண்டதே இல்லை. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்றார் டாக்டர். பிறகு பாப்பாயியை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், ஆறு கிலோ வேண்டும் என்றாள்.

போனுக்குள் டுக், டுக் என்று சத்தம் வந்தது. காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். தமிழ்ச்செல்வி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹலோ… அம்மிணி, இருக்கறீங்களா? வெச்சறாதீங்க… இல்லீங்க, ஆரோ கூப்படறாங்க. எழவு விசாரிக்கற ஒரம்பரைங்க. அவங்க கெடக்கறாங்க, நீங்க பேசுங்க… பரவால்லீங்க, அப்பறம் பேசிக்கறேன். நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே…"

சத்தம் நின்றது. அவர் மூச்சு விட்டார். பெட்டி மூடியின் ஓரத்தில் விரலை நுழைத்துத் தூக்கினார். காலையிலிருந்து இது நாலாவது முறை. மேலே இருந்த வெள்ளை நூல் கவரை அமுக்கிப் பார்த்தார். ஒன்பது மணிக்குக் கல். இப்போது குழந்தையின் கன்னம். மூடிவிட்டார்.

"ஆளு போயாச்சுங்களா? ட்ரான்ஸ்பார்மருக்கா? ஐயோ, உங்களுக்குக் கோடி புண்ணியமுங்க… ஆரு, லைன்மேன் சின்னண்ணனா? தெரியாம என்னங்க. இந்தப் பக்கம் கம்பத்துல ஏறுனா எறங்குனதும் நேரா எங்க சமையக்கட்டுக்குத்தான் வருவான். கைக்கு ஒண்ணா ரெண்டு உருண்ட குடுத்து அனுப்புவா… ஆ? … அவங்கிட்ட சொல்லீட்டீங்களா? … என்னன்னு… … அழுவறானா?"

குமாரசாமி நிமிர்ந்து நின்றார்.

"எங்க நின்னு அழுவறான்? … மேலயா? … அம்மிணி, அவன எறங்கச் சொல்லுங்க. இன்னொரு போன்ல கூப்பிட்டு மொதல்ல எறங்கச் சொல்லுங்க. கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டுப் பண்ற வேலையாங்க அது… எறக்குங்கன்னா எறக்குங்க… அவ சாவலீங்க… … ஆமாங்க. பாப்பாயி சாவல. பொய்யிங்க… பெட்டில இருக்கறது அவ இல்லீங்க, உருண்டைங்க… கறி உருண்டைங்க. எரநூத்தி நாப்பது… ஆமாங்க… நாந்தான் சொன்னேன்… ஆமாங்க… … எறங்கீட்டானா? சொல்லீட்டீங்களா? … என்ன சொன்னான்? … ம். அது சரி. நானா இருந்தா இன்னும் ரெண்டு சேத்துச் சொல்லியிருப்பேன்."

பின்பு வெகுநேரம் அவர் பேசுவதற்கு அந்த அம்மிணி இடம் விடவில்லை. கூடத்துக் கட்டிலில் அண்ணன் ஆண்டி, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு மணியிலிருந்து பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"ஆமாங்க… தப்புத்தானுங்க… திட்டுங்க, கேட்டுக்கறேன்… கேஸ் குடுங்க, வாரேன்… உருண்டைக்கான்னா உருண்டைக்குத்தானுங்க. ஆனா உருண்டைக்கு மட்டுமில்லீங்க… அவ சேலத்துல ஆஸ்பத்திரில இருக்கறா. பத்து மணிக்கு உள்ள கொண்டு போனாங்க. இன்னிக்குத்தானுங்க. இப்பத்தான்… நாங் கூடப் போகல. அண்ணனப் பாத்துக்கிட்டு இந்தப் பெட்டியப் பாத்துக்கிட்டு இருங்கன்னுட்டா. நாப்பது நாளைக்கு உருட்டி வெச்சுட்டுப் போயிருக்கறா. அவ போன மூணாம் நாளே உருகிப்போச்சுன்னா… அத எப்படிங்க சொல்றது. அவ வாரதுக்குள்ள இது உருகக் கூடாதுங்க. அவ்வளவுதான்… … ம்… நீங்க ஏஞ் சாமி அழுவறீங்க. திட்டீட்டு இருந்தீங்களே, அதே நல்லா இருந்துது."

அரை மணி நேரம் கழித்து என்று சொல்ல ஆசைதான். ஆனால் ஐந்தே நிமிடத்தில் பெட்டி ஒரு முறை உறுமியது. மின்விசிறி சோம்பலாகத் திரும்பியது. சின்னண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஏறியிருக்க வேண்டும், கோபத்தில் வேலை வேகமாக நடக்கும்.

"வந்துருச்சுங்க… வந்துருச்சு. பச்ச லைட் எரியுதுங்க… இருங்க, இருங்க, வெச்சறாதீங்க. காலைல இருந்து நாங் கெஞ்சறேன், இப்ப நீங்க வெக்கறீங்களே… உங்க வேலையும் எனக்குத் தெரியுமுங்க. ரெண்டு நிமிசம். சும்மா பேசுங்க. உங்க ஊரு எதுங்க… கொழந்தைங்க எத்தன…"

டுக், டுக். தமிழ்ச்செல்வி.

"ஆமாங்க… அதே நம்பருதான். மகதான்… ஆமாங்க, ஆஸ்பத்திரில இருந்துதான்… எடுக்கறேன். எடுக்கறேன்… நீங்க பேசிக்கிட்டு இருக்கற வரைக்கும் அவளுக்கு ஒண்ணும் ஆகலீங்க. எடுத்தாத்தான என்னமோ ஒண்ணு… ம்… ம்… சரிங்க. ஒரே ஒரு வேல பண்ணுங்க. அந்தப் பொஸ்தகத்துல அவ பேர எழுதுனீங்களே, அத அடிச்சுருங்க. இப்பவே… ரெண்டு கோடுங்க. ஒரு கோடுன்னா பேரு தெரியும்… அடிச்சாச்சா? … காரணம் என்ன எழுதறதா? மயிலுன்னு எழுதுங்க அம்மிணி. செத்தது அதுதானுங்க."

பச்சைப் பொத்தானை அமுக்கினார்.

"தமிழு… சொல்லு சாமி… ம்… முழிச்சுட்டாளா? … பேசறாளா… பேசறா. சரி. சரி… நீ ஏன் அழுவற… ம்… … தெறந்து பாத்துட்டு… … அப்படியே மூடீட்டாங்களா… ஒண்ணுமே எடுக்கலியா… … ம்… ம்… எத்தன நாளுன்னு அவங்கள எதுக்குச் சாமி கேட்டீங்க… சரி. வேண்டாம், எங்கிட்டச் சொல்லாத… அவளுக்குத் தெரியுமா? … முன்னாடியே தெரியுமா. ம்… தெரிஞ்சுருக்கும். ஆறு கிலோ வாங்குனவளுக்குத் தெரியாதா."

பெட்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கிடந்த நீர்க்கோட்டின் மேல் காலை வைத்து அவர் நின்றார்.

"என்ன கேக்கறா? … கரண்ட் இருக்குதான்னா? இருக்குதுன்னு சொல்லு. போகவே இல்லன்னு சொல்லு… மூடிய நாந் தொடவே இல்ல. எல்லாம் கல்லாட்டம் இருக்குது… எப்பக் கூட்டியாரீங்க? … வா. கூட்டியா… அவளுக்கு இல்லாமயா? இருக்குது. ஆறு உருண்ட, நாலு பேரு, எப்படின்னா கேக்கறா? எனக்கு இப்பெல்லாம் கறி ஒத்துக்கறதில்லன்னு சொல்லு. வாசமே ஆகலன்னு சொல்லு… சிரிக்கறாளா… நம்ப மாட்டாளாமா? … சொல்லிப் பாரு சாமி. கரடி பீடி குடிச்சதயே நம்புனவ. இத நம்ப மாட்டாளா… வெக்கறேன். அண்ணன் தட்ட வெச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கறாரு."