கொழுந்தன் காட்டு மழை

உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ் அது. ராசிபுரத்தைத் தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய்க் கரியடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நடுத்தர வயதுப் பெண், பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

“எங் கொழுந்தனாரு காட்டுல மழை பேஞ்சா எனக்குக் காய்ச்சல் வந்துருதுங்க.”

“ஏனுங்க அப்படி?”

“பாகம் பிரிச்சதும் நாங்க மச்சு ஊடு கட்டினோம். கொழுந்தனாரு பொண்டாட்டி நகையெல்லாம் கழட்டிக் குடுத்து, மல்லசமுத்திரத்துப் பக்கம் கல்லுக்காடு வாங்க வெச்சா. ஊரே பருத்தி போட்டப்ப அவ மட்டும் ராகியும் சோளமும் போட்டா. ‘திங்கறதுக்கா காடு வாங்குவாங்க’ன்னு நாந்தான் மொதல்ல சிரிச்சேன்.”

“இப்ப?”

“இப்ப நான் அரிசிக் கடையில வரிசையில நிக்கறேன். அவ ஊட்டுல தானியம் நெறஞ்சு கெடக்குது. ஊரே அவளை மகராசிங்குது.”

“உங்களுக்கு ஒண்ணும் தரலீங்களா?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“தராம இருந்திருந்தா நாலு பேருகிட்டச் சொல்லி மனச ஆத்தியிருப்பேன். கேக்காமயே ஒரு மூட்டை ராகிய வண்டியில அனுப்பி வெச்சுட்டா.”

“திருப்பி அனுப்பிட்டீங்களா?”

“எங்கீங்க. தெனமும் களி கிண்டறேன். எங்கூட்டுக்காரரு இன்னொரு உருண்டை கேட்டு வாங்கித் தின்னுட்டு, கல்லுக்காட்டு ராகிக்கு ருசியே தனிங்கறாரு.”

“உங்களுக்கு?”

“எனக்கும் அப்படித்தான் இருக்குதுங்க. அதத்தான் தாங்க முடியல.”